தாழ்ப்பாள் இல்லாத வீடு

—அப்போ எங்கப்பா பொய்யர். இதைச் சொல்லத்தானே இவ்வளவு நேரமா ஊரைச் சுத்தி வர்றே?

—பொய்யர்னு நான் சொல்லலை மாமா. அவர் எழுதின அறிக்கையை நம்ப முடியலைன்னுதான் சொன்னேன்.

—அறிக்கை தன்னைத்தானே எழுதிக்காது. ஒரு கை எழுதும். நீ அந்தக் கையைத்தான் சொல்றே. வாழ்நாள் முழுக்க நீதிபதி நாற்காலியில உட்கார்ந்தவன்கிட்ட வந்து வார்த்தையில கண்ணாமூச்சி ஆடாதே.

—சரி, நேராவே சொல்றேன். நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரக் கான்கிரீட் கொட்டறாங்க. அஞ்சு மாடி. அறக்கட்டளைத் தலைவரா நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. அந்தக் கட்டடம் கம்பி மேல நிக்கலை, சிமெண்ட் மேல நிக்கலை. ஒரே ஒரு வாக்கியத்து மேல நிக்குது.

—எது?

—'நில அதிர்வு லேசாக உணரப்பட்டது. நகரில் சேதம் ஏதுமில்லை. உயிரிழப்பு இல்லை.' உங்கப்பா நகரசபைத் தலைவரா இருந்தப்போ அரசாங்கத்துக்கு அனுப்பினது.

—நல்ல நடை. ஒரு சொல் கூட மிகையில்லை. இப்போ உங்க நில அதிர்வு ஆபீசுல எழுதறீங்களே, அதைப் படிச்சா எனக்குத் தலை சுத்துது. 'வாய்ப்பிருக்கலாம் என்று கருதப்படக்கூடும்.' இதெல்லாம் ஒரு வாக்கியமா? முதுகெலும்பு இல்லாத புழு மாதிரி.

—முதுகெலும்பு இருக்கிற வாக்கியம்தான் மாமா ஆபத்து. அந்த மூணு வரியை வச்சுத்தான் இந்த ஊரை 'அபாயம் மிகக் குறைவு'ன்னு வரைபடத்துல பச்சை அடிச்சிருக்காங்க. பச்சைன்னா மெலிசுத் தூண் போதும். மெலிசுத் தூண்னா உங்க இஞ்சினியருக்குக் கொண்டாட்டம்.

—பச்சை அடிச்சது எங்கப்பாவா? உங்க ஆபீஸ். எழுபத்தாறு வருஷமா அங்கே இருந்த பெரிய மூளைங்க யாருக்கும் தோணாத சந்தேகம், என் வீட்டுக்கு மருமகளா வந்த உனக்குத்தான் தோணிச்சு.

—ஏங்க, காபி ஆறிப்போச்சு. அவளையும் குடிக்க விடமாட்டீங்க, நீங்களும் குடிக்க மாட்டீங்க.

—நீ இதுல வராதே. இது நிலநடுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம்.

—ஆமா, எனக்கு என்ன தெரியும். நீங்க கதவைச் சாத்தற சத்தத்தைத் தவிர வேற நிலநடுக்கம் நான் பார்த்ததில்லை.

—உட்காருங்க அத்தை. நீங்க இருந்தா எனக்கும் தெம்பா இருக்கும்.

—அது யாரு, உள்ளே கழுத்தை நெரிச்ச மாதிரி கத்தறது?

—உங்க பையன்தாங்க. குளிக்கிறான்.

—ஒரு மணி நேரமாவா?

—இந்தப் பேச்சு முடியற வரைக்கும் குளிப்பார் மாமா. அப்பாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல வந்து நிக்கறதை விட, தோல் உரியற வரைக்கும் தண்ணி ஊத்திக்கிறது மேல்னு நினைக்கிறார்.

—குளிக்கட்டும். பாடறது எதுக்கு?

—நல்லாக் கேட்டீங்க போங்க! இந்த வீட்டுல குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கா? பாட்டை நிறுத்தினா யாராவது கதவைத் தள்ளிக்கிட்டு வந்து நிப்பாங்க. கல்யாணமாகி வந்த முதல் நாள் எனக்கு உங்கப்பாவோட அக்கா சொன்ன ஒரே அறிவுரை, 'குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வாயை மூடாதே'. ஐம்பது வருஷமா பாடறேன். ஒரு மேடை கொடுத்தா ஏறிடுவேன்.

—ஒளிக்க ஒண்ணுமில்லாத வீட்டுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு? இது எங்கப்பா போட்ட சட்டம். இந்த ஊர்ல வேற எந்த வீட்டுக்காவது அந்தத் தைரியம் உண்டா?

—வேற எந்த வீட்டுலயும் அந்தக் கிறுக்கு இல்லை.

—மாமா, நான் பேசிட்டிருந்ததை முடிச்சுடறேன். இந்தப் படத்தைப் பாருங்க. அன்னிக்கு ராத்திரி எந்தெந்த ஊர்ல எவ்வளவு ஆடிச்சுன்னு வட்டம் போட்டிருக்கேன். மேற்கே மலையடிவாரத்து ஊர். சந்தைக் கூரை இறங்கிடுச்சு. கிழக்கே துறைமுகம். மணிக்கூண்டு முறிஞ்சு விழுந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல?

—நம்ம ஊர்.

—நம்ம ஊர்ல ஒரு ஓடு கூட நகரலை. மலையடிவாரத்துல இருந்து இடிச்சுக்கிட்டே வந்த நிலநடுக்கம், நம்ம ஊர் எல்லை வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, யாரும் முழிச்சுடக் கூடாதேன்னு நுனிக்கால்ல நடந்து போயிருக்கு. அந்தப் பக்கம் போனதும் மறுபடி செருப்பைப் போட்டுக்கிட்டு மணிக்கூண்டை உதைச்சிருக்கு.

—நையாண்டி நல்லா வருது உனக்கு. ஆதாரம்தான் வரலை. துறைமுகத்துக்காரன் எழுதினதை நீ வேதவாக்கா எடுத்துக்கிறே. அந்த மணிக்கூண்டு எத்தனை தடவை விழுந்துச்சு தெரியுமா? மூணு பத்திரிகையில மூணு விதமா விழுந்துச்சு. ஒருத்தன் கிழக்கே சாஞ்சுதுங்கறான், ஒருத்தன் மேற்கேங்கறான், மூணாவது ஆளு அப்படியே பூமிக்குள்ள இறங்கிடுச்சுங்கறான். நிவாரணம் வாங்கறதுக்காக அழுத அழுகை அது.

—ஒத்துக்கறேன். அவங்க எழுதினதுல பாதியை நானே அடிச்சுட்டேன்.

—அடிச்சியா?

—அந்த மணிக்கூண்டுல ஏற்கெனவே விரிசல் இருந்ததுன்னு அதுக்கு முந்தின வருஷத்துப் பத்திரிகையிலயே இருக்கு. அதனால அதைக் கணக்குல சேர்க்கலை. அது இல்லாமலே துறைமுகம் நல்லா ஆடியிருக்கு. கூட்டிச் சொல்றவங்களைப் பிடிக்கிறது சுலபம் மாமா. இல்லாததை எழுதினா ஒண்ணோட ஒண்ணு இடிக்கும், மாட்டிக்குவாங்க. குறைச்சுச் சொல்றவங்களைத்தான் பிடிக்க முடியாது. எழுதாம விட்டா வெறும் வெள்ளைத்தாள். அதைப் பார்த்துட்டு எல்லாரும் 'ஆகா, அமைதியான ஊர்'னு படிச்சுக்குவாங்க.

—கருவி எதுக்கு இருக்கு? அப்போ கருவி இல்லையா?

—தூர தேசத்துல ரெண்டு மூணு இருந்துச்சு. நிலநடுக்கம் வந்துச்சு, இவ்வளவு பெரிசுன்னு அது சொல்லும். இந்த ஊர்ல எந்தத் தெரு எவ்வளவு ஆடிச்சுன்னு அதுக்குத் தெரியாது. அதை அங்கே இருந்த மனுஷங்கதான் சொல்லணும். மத்த ஊருக்கெல்லாம் பத்துப் பேர் எழுதியிருக்காங்க. கடைக்காரர், வாத்தியார், தபால்காரர். நம்ம ஊருக்கு எழுதினது ஒரே ஒருத்தர்.

—ஒருத்தர் போதும். நூறு வாய்க்கு ஒரு நேர்மையான வாய் போதும். நாற்சந்தியில சிலை வச்சு அடியில என்ன செதுக்கியிருக்காங்க? 'உள்ளதை உள்ளபடி சொன்னவர்.' ஊர் கூடிச் செதுக்கினது.

—ஊர் கூடினதா? நீங்கதானே காசு கொடுத்துச் செதுக்க வச்சீங்க.

—உன்னை உட்காரச் சொன்னது இவ. பேசச் சொன்னது யாரு?

—இந்த நாக்குக்குத்தான் யாரும் தாழ்ப்பாள் போட முடியலையே.

—இதோ பார் பொண்ணே. ஒரு சாட்சியைப் பொய்யன்னு சொல்ல வந்தா, முதல்ல ஒரு கேள்விக்குப் பதில் வேணும். பொய் சொன்னதுல அவனுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்வி கேட்காம நான் ஒரு ஆளைக்கூட உள்ளே தள்ளினதில்லை. சொல்லு, எங்கப்பாவுக்கு என்ன லாபம்?

—ஏரி.

—என்ன ஏரி?

—அந்த வருஷம்தான் ஏரியைத் தூர்த்து மனை போட்டாங்க. கொட்டின மண்ணு மேல வீடு கட்டினா நிலநடுக்கத்துல ரெண்டு மடங்கு ஆடும். அங்கே வீடெல்லாம் விழுந்துதுன்னு வெளியே தெரிஞ்சா மனையை எவன் வாங்குவான்?

—முடிஞ்சுதா? இவ்வளவுதானா? இதுக்கா வெளிநாடு போய் மூணு வருஷம் படிச்சுட்டு வந்தே? அந்த ஏரியில எங்கப்பா பங்குக்கு வந்ததுல ஒரு அடி கூட அவர் விக்கலை. மொத்தத்தையும் பள்ளிக்கூடம் கட்டணும்னு ஊருக்கு எழுதி வச்சார். நாளைக்குக் கான்கிரீட் கொட்டப் போறது அந்த இடத்துலதான். விலையே வேண்டாம்னு கொடுத்தவன் விலைக்காகப் பொய் சொன்னானா? மேலே சொல்லு. அடுத்த குற்றச்சாட்டு.

—அறிக்கையில சாட்சிக் கையெழுத்துப் போட்ட வியாபாரிங்க நாலு பேர் வித்தாங்களே.

—அந்த நாலு பேரைப் பத்தி என்கிட்ட கேட்காதே. அவனுங்க எதையும் விப்பானுங்க. நான் கேட்டது எங்கப்பாவைப் பத்தி.

—அவர் ஏன் எழுதினார்னுதான் மாமா எனக்கும் புரியலை. மத்த எல்லாம் புரியுது. சூளைத் தெரு எங்கே போச்சுன்னு புரியுது.

—சூளைத் தெருவா? செங்கல் சூளையில வேலை செஞ்சவங்க இருந்த தெரு. ஏரிக்கரையில இருந்துச்சு. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. வேற ஊர்ல கூலி கூடுதலா கிடைச்சுது.

—ஒரு தெரு முழுக்கவா? ஒரே வாரத்துலயா? சட்டி பானையை எல்லாம் விட்டுட்டா? போன மாசம் பள்ளிக்கூடத்துக்குக் குழி தோண்டினப்போ, ஆள் உயரத்துக்குக் கீழே என்ன வந்துச்சுன்னு நான் நேர்ல பார்த்தேன். நசுங்கின பாத்திரம். உடைஞ்ச அம்மிக்கல். ஒரு தொட்டில் கொக்கி. கூலிக்குப் போறவங்க தொட்டில் கொக்கியை விட்டுட்டுப் போவாங்க, சரி. பாத்திரத்தை எதுக்கு மாமா நசுக்கிட்டுப் போனாங்க?

—அந்த வருஷம் விஷ ஜுரம் வந்துச்சு. அதுல கொஞ்சம் பேர் போனாங்க. மீதிப் பேர் பயந்து ஊரை விட்டு ஓடினாங்க. எங்கம்மாவும் அதுலதான் போனாங்க. என் தங்கச்சியும். இதைச் சொல்ல எனக்கு என்ன, ஊருக்கே தெரியும்.

—கூலிக்குப் போனாங்களா, ஜுரத்துக்கு ஓடினாங்களா? ஒண்ணைச் சொல்லுங்க மாமா. உங்க கோர்ட்டுல ஒரு சாட்சி இப்படி மாத்திப் பேசினா என்ன பண்ணியிருப்பீங்க?

—குரலை இறக்கிப் பேசு. நான் குற்றவாளிக் கூண்டுல நிக்கலை.

—ஹால்ல மாட்டியிருக்கிற ரெண்டு படத்தையும் வாரா வாரம் துடைக்கிறவ நான். நானும் ஐம்பது வருஷமா கேட்கணும் கேட்கணும்னு நினைச்சு விட்டுட்டேன். அம்மா படத்துக்குக் கீழே இருக்கிற தேதியும், அந்தக் குழந்தை படத்துக்குக் கீழே இருக்கிற தேதியும் ஒண்ணுதாங்க. ஜுரம் ரெண்டு பேரையும் ஒரே நாள்ல, நாள் பார்த்தா கூட்டிட்டுப் போச்சு?

—அந்தத் தேதி, நிலநடுக்கம் வந்த ராத்திரிக்கு மறுநாள், அத்தை.

—அப்படியா?

—நான் அதைச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

—சொல்லிட்டேல்ல. சந்தோஷமா? எங்கம்மாவைப் பத்தி இந்த வீட்டுல எவரும் குரல் உயர்த்திப் பேசினதில்லை. அவங்க நிழலைக்கூட தெருவுல ஒருத்தன் பார்த்ததில்லை. அப்படி இருந்த வீடு. அவ்வளவு கட்டுப்பாடு, அவ்வளவு மரியாதை. இன்னிக்கு அவங்க சாவை மேஜை மேல போட்டு ரெண்டு பேரும் தேதி பார்க்கறீங்க.

—நிழலைக்கூட யாரும் பார்த்ததில்லையாம். அதையும் ஒரு பெருமையா சொல்லிக்கிறார், கேட்டுக்கோ.

—மாமா, எனக்கு உங்கம்மா விஷயம் வேண்டாம். விட்டுடறேன். ஒரே ஒரு கேள்வி. அந்த ராத்திரியில இந்த ஊர்ல இருந்து, இன்னும் உயிரோட இருக்கிறவர் நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு அப்போ ஆறு வயசு. என்ன பார்த்தீங்க?

—இதை எத்தனை தடவை சொல்றது? நான் தூங்கிட்டிருந்தேன்.

—நீங்களா!

—எதுக்குச் சிரிக்கிறே?

—சிரிக்காம என்ன பண்றது? பக்கத்து அறையில பல்லி நடந்தா எழுந்து உட்கார்ற ஆளு. வாசல்ல லாரி போனா என் கையை நீலம் பாய்ற மாதிரி பிடிக்கிற ஆளு. கல்யாணமான நாள்ல இருந்து கதவுப் பக்கம் கால் நீட்டித்தான் படுக்கறார். கட்டிலைத் திருப்பிப் போடலாம்னு ஒரு தடவை சொன்னேன், ரெண்டு நாள் என்கூடப் பேசலை. நிலநடுக்கத்துல தூங்கினாராம்!

—வயசான காலத்துல தூக்கம் குறையும். இதெல்லாம் ஒரு சாட்சியமா? நான் கேட்டா நிராகரிச்சுடுவேன்.

—சரி, இதை நிராகரிக்க முடியுமா பாருங்க. இது பள்ளிக்கூட வரைபடம். சிவப்பு மையில எழுதியிருக்கிறது யார் கையெழுத்து?

—என்னோடது.

—படிங்க.

—எனக்குத் தெரியும் என்ன எழுதினேன்னு.

—நான் படிக்கிறேன். 'எல்லா வகுப்பறைக் கதவுகளும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் தாழ்ப்பாள் கூடவே கூடாது.' அடியில ரெண்டு கோடு இழுத்திருக்கீங்க. பேனா தாளைக் கிழிச்சிருக்கு. இஞ்சினியர் என்கிட்ட கேட்டுச் சிரிச்சார். 'உங்க மாமா பள்ளிக்கூடம் கட்டறாரா, சத்திரம் கட்டறாரா? தாழ்ப்பாள் இல்லாத வகுப்பறையை நான் பார்த்ததே இல்லை'ன்னார்.

—அந்த ஆளு எதைத்தான் பார்த்திருக்கான்? வெளி கேட்டுக்குப் பூட்டுப் போட்டா போதும்னு அவன்கிட்டயே சொன்னேன்.

—வேற எதைப் பத்தியும் நீங்க ஒரு வார்த்தை எழுதலை. ஜன்னல் பத்தி இல்லை, படிக்கட்டு பத்தி இல்லை. கதவு, தாழ்ப்பாள், அவ்வளவுதான். அமைதியான ஊர்ல, லேசா ஆடின ஊர்ல, தூங்கிட்டிருந்தவருக்குக் கதவு மேல எதுக்கு மாமா இவ்வளவு கவனம்?

—எங்க வீட்டு வழக்கம் அது. சொன்னேனே. ஒளிக்க ஒண்ணுமில்லாத...

—ஒளிக்க ஒண்ணுமில்லாத வீட்டுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு. ஆமா. சிலைக்கு அடியில இதையும் செதுக்கிடலாம். இடம் இருக்கு.

—வாயை அடக்கு!

—அடக்கறேன். நாளைக்கு ஏரி மண்ணு மேல அஞ்சு மாடிக்கு அஸ்திவாரம் போடுவாங்க. வரைபடத்துல பச்சை, அதனால கம்பி மெலிசு, தூண் மெலிசு. உங்க பேத்தி உட்பட ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேரும் அங்கே உட்காருவாங்க. இன்னொரு தடவை அந்த மாதிரி ஆடினா உங்க கதவு நல்லாத்தான் திறக்கும் மாமா. ஆனா கதவால என்ன பிரயோஜனம்? கதவு நிக்கும். சுவர் நிக்காது.

—என்ன சொன்னே?

—கதவு நிக்கும், சுவர் நிக்காதுன்னேன்.

—யார் சொன்னா உனக்கு அதை?

—யாரும் சொல்லலை. நிலைச்சட்டம் கனமான மரமா இருந்தா அப்படித்தான் நடக்கும். விழுந்த வீடுங்களைப் பார்த்திருக்கேன்.

—ஏங்க? என்னங்க ஆச்சு? ஏன் இப்படி வேர்க்குது? இந்தத் தண்ணியைக் குடிங்க.

—தள்ளிப் போ. எனக்கு ஒண்ணுமில்லை.

—மாமா, நான் வேணும்னா...

—நீ ஒண்ணும் வேண்டாம். போனை எடு. அந்த இஞ்சினியருக்குப் போடு. நாளைக்குக் கான்கிரீட் கொட்டக் கூடாதுன்னு சொல்லு. கேள்வி கேட்டா, தலைவர் உத்தரவுன்னு சொல்லு. சிரிச்சான்னா, நான் அவனை நேர்ல பார்க்கிறேன்னு சொல்லு.

—சொல்லிடறேன். ஆனா நாளைக்கு ஒரு நாள் நிறுத்தினா போதாது. எங்க ஆபீசுல குழு உட்காருது. அறிக்கை எழுதினவர் நேர்ல பார்த்த சாட்சி, நான் வெறும் கணக்கு. நேர்ல பார்த்த இன்னொருத்தர் மாத்திச் சொன்னா ஒழிய, பச்சையை மாத்த மாட்டாங்க.

—அதுவும் சரிதான். நானா இருந்தாலும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லுவேன். எழுதிக்கோ.

—மாமா?

—பேனா இல்லையா உன்கிட்ட? சாட்சி நான். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை.

—பாட்டு நின்னுடுச்சு.

—நிக்கட்டும். அவனும் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்கட்டும். அவன் தாத்தாவைப் பத்தித்தானே.

—நீங்க சொல்லுங்க மாமா. மெதுவா.

—நான் மெதுவாச் சொல்ற ஆளில்லை. முன்னறையில அப்பா பக்கத்துல படுத்திருந்தேன். முதல்ல சத்தம். வண்டி வண்டியா கருங்கல்லை வீட்டுக்கு அடியில கொட்டற மாதிரி. அப்புறம் கட்டில் என்னைத் தூக்கி எறிஞ்சுது. அப்பா என்னை அள்ளிக்கிட்டு வாசலுக்கு ஓடினார். தெருவுல நின்னு திரும்பிப் பார்த்தா வீட்டுல முன் பாதிதான் இருக்கு. 'லேசாக உணரப்பட்டது'ன்னு எழுதினாரே, அது அந்தப் பாதிக்குள்ள உட்கார்ந்து எழுதினது.

—சூளைத் தெரு?

—விடிஞ்சப்போ அங்கே ஒரு சுவர் கூட நிக்கலை. ஏரி மண்ணு கஞ்சி மாதிரி பொங்கி, வாசப்படியை எல்லாம் விழுங்கியிருந்துச்சு. வண்டியில ஆளுங்களை ஏத்தினாங்க. எத்தனை பேர்னு கேட்காதே. எனக்கு அப்போ விரல் விட்டுத்தான் எண்ணத் தெரியும், விரல் பத்தலை. ஜுரம்னு எழுதினார் டாக்டர். அப்பாவோட சிநேகிதர். ஏன்னு கேட்க அந்தத் தெருவுல ஆள் மிச்சமில்லை. மிச்சமிருந்தவங்களுக்குக் கேட்கிற தைரியமில்லை.

—உங்கம்மா?

—பின்னறையில இருந்தாங்க. தங்கச்சியோட. மூணு பக்கமும் சுவர் உள்ளே விழுந்துடுச்சு. நீ சொன்னியே, அதேதான். கதவும் நிலையும் மட்டும் நேரா நின்னுது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி.

—கடவுளே. எழுந்து வந்து திறக்கக் கூட நேரமில்லாம போச்சா? அதுக்காகத்தான் வீடு பூராவும் தாழ்ப்பாளைக் கழட்டினாரா உங்கப்பா? அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஐம்பது வருஷம் வாயார வைதிருப்பேனா?

—அத்தை, ஒரு நிமிஷம். மாமா, இன்னும் எனக்குப் புரியலை. பொண்டாட்டியும் குழந்தையும் செத்திருக்காங்க. ஒரு தெருவே விழுந்திருக்கு. மனை விக்கிற ஆசையும் அவருக்கு இல்லை. அப்புறம் எதுக்குச் சேதம் இல்லைன்னு எழுதினார்?

—சேதம்னு எழுதினா அரசாங்கம் குழு அனுப்பும். வீடு வீடாப் போவாங்க. யார் செத்தது, எந்த அறையில, எப்படின்னு கேட்பாங்க. எங்க வீட்டுக்கும் வருவாங்க. நகரசபைத் தலைவர் வீடுன்னு முதல்ல அங்கேதான் வருவாங்க. அந்தக் கதவைப் பார்ப்பாங்க.

—பார்த்தா என்னங்க? ராத்திரி தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுக்கறது ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே? அதுல என்ன வெட்கம்?

—அந்தத் தாழ்ப்பாள் கதவுக்கு வெளிப்பக்கம் இருந்துச்சு. தினம் ராத்திரி அப்பாதான் தன் கையால போடுவார்.